வத்தலக்குண்டு தந்த நாவல்: 'கமலாம்பாள் சரித்திரம்' பிறந்த கதை

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டை, பூட்டு, பிரியாணி என்று சொல்லிவிடுவார்கள். திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் வாழும் நான் அந்தப் பட்டியலின் தலையில் ஒரு நாவலை வைப்பேன். அதன் பெயர் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893இல் ஒரு மாதப் பத்திரிகையில் தொடராகத் தொடங்கி, 1895இல் முடிந்து, 1896இல் புத்தகமாக வந்தது. எழுதியவர் வத்தலக்குண்டில் பிறந்த பி. ஆர். ராஜமய்யர். முதல் அத்தியாயம் அச்சேறியபோது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்றுதான். இருபத்தாறு முடிவதற்குள் அவர் வாழ்க்கையே முடிந்துவிட்டது. நடுவில் கிடைத்த அந்தச் சில ஆண்டுகளில் அவர் செய்துவிட்டுப் போன காரியத்தால்தான் தமிழ் நாவலுக்கு நம் பக்கத்துப் பேச்சும் மூச்சும் கிடைத்தன. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ராஜமய்யர் 1872இல் பிறந்தார். அப்போது திண்டுக்கல் மாவட்டம் கிடையாது. எல்லாம் மதுரை ஜில்லா. தனி மாவட்டம் என்று பிரிந்ததே 1985இல்தான். மேற்கே கொடைக்கானல் மலை, ஊரை ஒட்டி மஞ்சளாறு, சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, நெல் என்று வளமான பூமி வத்தலக்குண்டு. ரயில் அந்த ஊருக்கு வரவில்லை. 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப் பாதை போட்டபோது, வத்தலக்குண்டுக்காரர்களுக்குக் கிடைத்த ஸ்டேஷன் அம்மையநாயக்கனூர். இன்றைக்குக் 'கொடை ரோடு' என்று நாம் சொல்லும் ஸ்டேஷன் அதுதான். ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அங்கே போய் ரயில் ஏறினால் ஒரு பக்கம் மதுரை, மறுபக்கம் சென்னை. அந்தத் தலைமுறையில் படிக்கக் கிளம்பிய பையன்களின் வாழ்க்கை இந்த மூன்று இடங்களுக்குள் ஓடியது. 'கமலாம்பாள் சரித்திர'த்தின் கதையும் கிராமம், மதுரை, சென்னை என்றே நகர்வது தற்செயல் இல்லை. தன் காலத்துப் பையன்கள் நடந்த பாதையைத்தான் அவர் கதைக்கும் போட்டார்.

மதுரையில் படித்துவிட்டு ராஜமய்யர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டம் பெற்றார். இப்போது தாம்பரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி, 1937 வரை பாரிமுனைப் பக்கம் இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். இங்கிலீஷ் கவிதையும் நாவலும் அங்கே மாணவர்களின் அன்றாடப் பேச்சாக இருந்தன. ராஜமய்யருக்கு ஷெல்லி, கீட்ஸ், வேர்ட்ஸ்வொர்த் மீது காதல். அதே அளவுக்குக் கம்பனிலும் தாயுமானவரிலும் ஊறியவர். பெருங்குளத்து அ. மாதவையாவும் அதே கல்லூரியில் படித்தவர், அவரும் 1872இல் பிறந்தவர். தமிழின் முதல் மூன்று பெரிய நாவல்களில் இரண்டை எழுதப்போகிறவர்கள் ஒரே ஆண்டில் பிறந்து ஒரே கல்லூரியில் படித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பட்டம் வாங்கியவர் அடுத்துச் சட்டம் படிக்கப் போனார். அன்றைய பட்டதாரிக்குப் போட்டு வைத்திருந்த ராஜபாட்டை அது. ஆனால் அவர் மனம் அதில் ஒட்டவில்லை, தேர்வும் கைகூடவில்லை. வக்கீலாகி மதுரையிலோ சென்னையிலோ நாலு காசு பார்த்திருந்தால் நமக்கு ஒரு நாவல் கிடைத்திருக்காது.

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பத்திரிகை பிறந்தது. சி. வி. சுவாமிநாதய்யர் 1892இல் தொடங்கிய 'விவேக சிந்தாமணி' மாத இதழ். படித்த பிள்ளைகள் இங்கிலீஷில் மட்டுமே எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைத் தமிழில் எழுத வைத்த பத்திரிகை அது. விஞ்ஞானம், வரலாறு, சமூகச் சீர்திருத்தம், சமயம் என்று எல்லாவற்றையும் உரைநடையில் கொண்டுவந்தது. கதைக்கும் இடம் கொடுத்தது. மாதவையா தம் முதல் கதை முயற்சியை அதில்தான் 1892இல் தொடங்கினார். அது பாதியிலேயே நின்றுபோனது. அடுத்த ஆண்டு ராஜமய்யரின் தொடர் அதே இதழில் வரத் தொடங்கியது. அப்போது அதன் தலைப்பு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. முன்பாதித் தலைப்பு பின்னால் உதிர்ந்துவிட்டது. ஆனால் நாவலின் உயிர் அந்த உதிர்ந்துபோன பாதியில்தான் இருக்கிறது. ஒரு பழிச்சொல் எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, ஒரு குடும்பத்தை எப்படி உடைக்கிறது என்பதுதான் கதை.

கதையின் களம் சிறுகுளம் என்ற கற்பனைக் கிராமம். மதுரை ஜில்லாவில் இருப்பதாகச் சொல்கிறார். அங்கே வசதியோடும் மரியாதையோடும் வாழ்கிறவர் முத்துஸ்வாமி அய்யர். அவர் மனைவி கமலாம்பாள். தம்பி சுப்பிரமணிய அய்யர், தம்பி மனைவி பொன்னம்மாள். ஓரகத்திகளுக்குள் வரும் வழக்கமான பொறாமை பொன்னம்மாளின் மனதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகிறது. கமலாம்பாளின் மகளுக்கும் ஸ்ரீநிவாசன் என்ற பையனுக்கும் கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளை மதுரையிலும் பிறகு சென்னையிலும் படிக்கிறான். இடையில் கமலாம்பாளின் ஆண் குழந்தை காணாமல் போகிறது. கடைசியில் கமலாம்பாளின் கற்பைப் பற்றியே ஒரு வதந்தி கிளம்பி, அத்தனை நிதானமான முத்துஸ்வாமி அய்யரும் அதில் நிலைகுலைந்து வீட்டை விட்டுப் போய்விடுகிறார்.

கதைச் சுருக்கத்தை இப்படிச் சொன்னால் சாதாரணமாகத்தான் தெரியும். புத்தகத்தைப் பிரித்தால் அது வேறு உலகம். பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் இடத்துக்கு ராஜமய்யர் 'வம்பர் மகாசபை' என்று பெயர் வைக்கிறார். அங்கே ஒருத்தி அரைகுறையாக ஒன்றைச் சொல்வாள், அடுத்தவள் மீதியைச் சேர்ப்பாள், மூன்றாமவள் தான் கண்ணால் கண்டதாகவே சத்தியம் பண்ணுவாள். சொல்கிறவர் யாரும் தான் பொய் சொல்வதாக நினைப்பதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் ருசி சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாம் சேரும்போது ஒரு மனுஷியின் வாழ்க்கை போய்விடுகிறது. அகரத்தில் ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழாவுக்கு ஊர் கூடும்போது, கோயில் வாசலில் சொந்தங்கள் கூடி உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். குரல் ஏறுவது, இறங்குவது, 'நமக்கெதுக்கு ஊர்ப் பொல்லாப்பு' என்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது, எல்லாம் ராஜமய்யர் எழுதியபடியேதான் இன்றும் நடக்கிறது. நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய புத்தகத்தில் நம் வீட்டுத் திண்ணையைக் காண்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதன் அருமை புரிய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. தமிழின் முதல் நாவல் என்ற பெருமை அதற்கு உரியது, அதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அதில் கதைக்குள் கதையாகச் சம்பவங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நாயகி ஆண் வேஷம் போட்டு ராஜாவாகிற அளவுக்குக் கற்பனை ஓடுகிறது. பாத்திரங்கள் பேசும்போது நூலாசிரியரே நீதி சொல்வதுபோல இருக்கும். ராஜமய்யரிடம் வரும்போது, ஆட்கள் தம் சொந்த வாயால் பேசத் தொடங்குகிறார்கள். பாட்டிக்கு ஒரு பேச்சு, வாத்தியாருக்கு ஒரு பேச்சு, திருடனுக்கு ஒரு பேச்சு. புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி உட்கார்ந்து மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதை, வேலி ஓரமாக நின்று ஒட்டுக்கேட்பதுபோல எழுதியிருக்கிறார். தமிழில் அதற்கு முன்னால் அப்படி யாரும் எழுதியதில்லை.

ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர் வருகிறார். யமகம், திரிபு, அந்தாதி என்று மலை மலையாகப் பாட்டுகளை விழுங்கிவிட்டு, உலகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் திரிகிறவர். அவரைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. அதே சமயம் அவரை வெறுக்கவும் முடியாது. பச்சைக் குழந்தை மனசு அவருக்கு. கேலி செய்யும்போதும் ஆளின் மேல் பிரியம் குறையாமல் எழுதுவது பெரிய எழுத்தாளர்களுக்கே வரும் கை. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது வந்திருக்கிறது.

உலகத்தில் அதே காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 1885இல் வெளிவந்தது. மிசிசிப்பி ஆற்றங்கரைப் படிப்பில்லாத ஒரு பையனின் கொச்சைப் பேச்சிலேயே முழு நாவலும் எழுதப்பட்டிருந்தது. அது வந்த சில ஆண்டுகளில் இங்கே மஞ்சளாற்றங்கரையிலிருந்து போன ஒருவர், மதுரை ஜில்லாக் கிராமத்தின் பேச்சை அச்சில் ஏற்றுகிறார். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாக நான் சொல்ல வரவில்லை. உலகத்தின் இரண்டு மூலைகளில், ஏட்டுத் தமிழும் ஏட்டு இங்கிலீஷும் மனுஷ வாழ்க்கையைச் சொல்லப் போதவில்லை என்று இரண்டு பேருக்குத் தோன்றியிருக்கிறது. மார்க் ட்வைனை அவர் நாடு தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அவர் வளர்ந்த ஹானிபல் என்ற சின்ன ஊரில் அவர் வீடு அருங்காட்சியகமாக நிற்கிறது. நம் ராஜமய்யரின் பெயரைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தால் எத்தனை பேர் சொல்வார்கள் என்று நினைக்கவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொடராக வந்ததுதான் இந்த நாவலுக்கு உருவம் கொடுத்தது என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் டிக்கன்ஸ் 1836இலிருந்து மாதாமாதம் பகுதிகளாக எழுதியே பெயர் பெற்றார். அந்த முறை தமிழுக்கு வந்தபோது, எழுதுகிறவருக்கு முழுக் கதையையும் எழுதித் திருத்தி முடித்துவிட்டு வெளியிடும் வசதி இல்லை. இந்த மாதம் எழுதியது அடுத்த மாதம் ஊர் ஊராகத் தபாலில் போய்விடும். அச்சேறியதை மாற்ற முடியாது. ஆகவே எழுதுகிறவரின் மனம் மாறினால் அந்த மாற்றமும் நாவலுக்குள்ளேயே பதிவாகும். 'கமலாம்பாள் சரித்திர'த்தில் நடந்தது இதுதான்.

முதல் பாதியில் கல்யாணம், வம்பு, வாத்தியார், திருட்டு என்று ஊர் முழுக்க உயிரோடு அலைகிறது. பின்பாதியில் துக்கம் வந்து மூட, முத்துஸ்வாமி அய்யர் ஒரு ஞானியைத் தேடிப் போகிறார். கதை வேதாந்தத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இழந்தது கிடைத்து, பிரிந்தவர்கள் சேர்ந்து, மனம் அமைதி பெறுவதில் போய் முடிகிறது. முடிவில் ராஜமய்யர் தாமே முன்வந்து, கதை சொல்வது மட்டும் தம் நோக்கம் இல்லை, அல்லல்பட்ட ஓர் உயிர் அமைதிக்கு வந்து சேருவதைக் காட்டுவதே நோக்கம் என்ற பொருளில் சொல்கிறார். இரண்டு பாதியும் ஒட்டவில்லை என்று விமர்சகர்கள் பல காலமாகக் குறை சொல்லி வந்திருக்கிறார்கள். நாவல் கலையின் கணக்கில் அது குறைதான். ஆனால் எழுதியவரின் வாழ்க்கையை அருகில் வைத்துப் படித்தால், அந்தத் தையல் எங்கே ஓடுகிறது என்பது தெரியும். தொடங்கியபோது அவர் கவிதைப் பித்துள்ள, சிரிப்பு பொங்கும் இளைஞர். முடித்தபோது வேதாந்தி. இரண்டு வருஷத்தில் ஒரு மனிதர் உள்ளுக்குள் மாறியது மாதம் ஒரு முறை அச்சாகி வந்திருக்கிறது. குறை என்று சொல்லப்படுகிற அந்த இடமே இந்த நாவலின் பிறப்பு ரகசியம் என்று நான் நம்புகிறேன்.

மாற்றம் அவர் வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1896 ஜூலையில் சென்னையில் 'பிரபுத்த பாரதா' என்ற இங்கிலீஷ் மாத இதழ் தொடங்கியது. விவேகானந்தரின் சென்னைச் சீடர்கள் தொடங்கிய பத்திரிகை அது. ஆசிரியர் பொறுப்பு இருபத்துநான்கு வயது ராஜமய்யரிடம் வந்தது. வேதாந்தக் கட்டுரைகளை அதில் எழுதிக் குவித்தார். 'வாசுதேவ சாஸ்திரி' என்று இங்கிலீஷில் ஒரு நாவலும் தொடங்கினார். அதை முடிக்க அவருக்கு ஆயுள் இல்லை. 1898 மே 13 அன்று அவர் மறைந்தார். அவரோடு சென்னையில் பத்திரிகையும் நின்றது. விவேகானந்தர் அதை அப்படியே விட மனம் வராமல், அதே ஆண்டு ஆகஸ்டில் இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவிலிருந்து மறுபடி கொண்டுவர வைத்தார். மறுபிறப்பு எடுத்த அந்தப் பத்திரிகைக்கென்று ஒரு கவிதையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மாயாவதி ஆசிரமத்துக்கு மாறிய 'பிரபுத்த பாரதா' இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. ராஜமய்யரின் இங்கிலீஷ் எழுத்துகளைத் திரட்டி 'ராம்பிள்ஸ் இன் வேதாந்தா' என்ற பெயரில் 1905இல் புத்தகமாக்கினார்கள்.

நாவலைக் கொண்டாடும்போது அதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். அது அக்கிரகாரத்துக்குள் இருந்து பார்த்த உலகம். வயலில் நிற்கிறவரும் சேரியில் இருக்கிறவரும் அதில் முழு மனுஷராக வரவில்லை. பேயாண்டித் தேவன் என்ற திருடன் வருகிறான். விறுவிறுப்பான பாத்திரம்தான். ஆனால் ஒரு சாதியையே திருட்டோடு சேர்த்துப் பார்த்த காலத்தின் கண் அதில் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டு, நம் பக்கத்து ஜனங்கள் ராத்திரி ஊரை விட்டு நகர முடியாமல் ரேகை வைத்துக் கிடந்த சரித்திரம் நமக்குத் தெரியும். அந்த நினைவோடுதான் பேயாண்டித் தேவனைப் படிக்க வேண்டும். வம்பு என்றால் பெண்கள்தான் என்பதுபோல எழுதியதிலும் அந்தக் காலம் தெரிகிறது. ஆனாலும் நாவலின் பெயரும் நடுநாயகமும் ஒரு பெண்ணுடையவை. ஊரே வாயில் போட்டு மென்றபோதும் தன் நிலையிலிருந்து இறங்காதவளாகக் கமலாம்பாளை நிறுத்தியிருக்கிறார். வதந்தியை நம்பிய புருஷனைவிட, வதந்திக்கு ஆளான மனைவியே கதையில் உயர்ந்து நிற்கிறாள். 1893இல் எழுத வந்த ஒரு இளைஞரின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு இது போதும்.

விதை நன்றாக விழுந்த ஊர் அது. ராஜமய்யர் மறைந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு, 1905இல், அதே வத்தலக்குண்டில் பி. எஸ். ராமையா பிறந்தார். 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி' தள்ளாடியபோது அதைச் சிறுகதைப் பத்திரிகையாக எடுத்து நடத்தியவர் அவர். தமிழ்ச் சிறுகதையின் பொற்காலத்தைப் பற்றி அவர் எழுதிய 'மணிக்கொடி காலம்' 1982இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. வத்தலக்குண்டில் வளர்ந்த இன்னொருவர் சி. சு. செல்லப்பா. 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிக் கைப்பணத்தை இழந்து நடத்தினார். தமிழ்ப் புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அதுவே நாற்றங்கால். ஜல்லிக்கட்டை வைத்து அவர் எழுதிய 'வாடிவாசல்' நம் மண்ணின் பேச்சை அப்படியே தாங்கி நிற்கிறது. திட்டிவாசல், கொம்பு, திமில், பிடி என்று ஜல்லிக்கட்டுக்காரன் பேசுகிற பேச்சிலேயே கதை முழுவதும் ஓடும். சிறுகுளத்துப் பேச்சை ராஜமய்யர் அச்சில் ஏற்றியதால்தான் செல்லப்பாவுக்கு அந்தத் துணிவு வந்தது என்று ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் ஓர் ஊரிலிருந்து ஒருவர் எழுதிக் காட்டிவிட்டால், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்து எட்டாத உயரத்தில் இருக்கும் பொருளாகத் தோன்றுவதில்லை. அதை நான் உறுதியாக நம்புகிறேன்.

புத்தகத்தின் புகழ் வெளியிலும் போயிருக்கிறது. க. நா. சுப்ரமண்யம் தமிழின் முதல் ஐந்து நாவல்களைப் பற்றி எழுதியபோது இதற்கு உரிய இடம் கொடுத்தார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அறிஞர் இதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1998இல் வெளியிட்டது. ராஜமய்யர் மறைந்து சரியாக நூறு ஆண்டு. ஆக்ஸ்ஃபோர்டு வரை போன புத்தகம் திண்டுக்கல்லுக்குள் நடமாடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, விலையும் அதிகமில்லை. வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் தாடிக்கொம்பிலும் அகரத்திலும் இருக்கிற பள்ளி நூலகங்கள் ஒவ்வொன்றிலும் நாலு பிரதி இருக்க வேண்டும். தமிழாசிரியர்கள் வகுப்பில் முழு நாவலையும் நடத்தத் தேவையில்லை. அம்மையப்ப பிள்ளை வரும் பகுதியையும் வம்பர் மகாசபையையும் உரக்கப் படித்துக் காட்டினால் போதும். மணிப்பிரவாள நடையும் பழைய சொற்களும் முதல் நாலு பக்கம் இடறும். காதில் விழத் தொடங்கிவிட்டால் பிள்ளைகள் தாமே சிரிப்பார்கள், இதை எழுதியவர் யார் என்று கேட்பார்கள். பக்கத்து ஊர்க்காரர், உன்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், தன் வீட்டிலும் தெருவிலும் கேட்டதை எழுதினார் என்று அப்போது சொல்ல வேண்டும். தமிழ் நாவல் பிறந்த கதையில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்: எழுதத் தகுந்த வாழ்க்கை எங்கோ தூரத்தில் இல்லை, நம் ஊரிலேயே இருக்கிறது.